தீங்கு செய்தவரின் எதிரே உட்கார்ந்திருப்பவர்: வன்னியில் பணியாற்றுவோரிடம் ஒரு கேள்வி

கனகராயன்கரை (கிளிநொச்சி மாவட்டம்)

நன்னடத்தை, உளவளத்துணை, சட்ட மருத்துவம், சிறைச்சாலை நலன்புரி, பொலிஸ் சிறுவர் பெண்கள் பிரிவு ஆகிய துறைகளில் இருப்போர் பலர் இங்கு வாசிக்கிறார்கள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்வதனால் எங்களுக்கு ஏற்படும் மனப்பாரத்தைப் பற்றி ஓரளவுக்குப் பேசியிருக்கிறோம். அதற்குப் பயிற்சிப் பட்டறைகளும் நடந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்தவரோடு பேசுவதும் எங்கள் வேலைதான். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

எங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற நன்னடத்தை அலுவலரிடம் பாதிக்கப்பட்ட சிறுவரின் கோப்பும் வரும், குற்றம் சாட்டப்பட்ட சிறுவரின் கோப்பும் வரும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 12 வயதுக்குட்பட்ட பிள்ளை மீது குற்றம் சுமத்த முடியாது. அதற்கு முன்னர் அந்த எல்லை 8 வயதாக இருந்தது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்ததன் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் வீடு, பள்ளிக்கூடம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை எழுதுகிறவர்கள் நாங்கள். நகரத்தில் இரண்டு கோப்புகளும் இரண்டு பேரிடம் போகலாம். இங்கு ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் ஓர் ஆள் என்றால் இரண்டும் அந்த ஓர் ஆளின் அலுமாரிக்குள்தான் இருக்கும்.

என்னிடம் மாதந்தோறும் ஒரு பையன் வந்து போகிறான். ஊரையும் மற்ற விபரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அயல்வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு அவன் செய்ததை இங்கு விபரிக்க வேண்டியதில்லை. ஒருமுறை பாலைப்பழக் காலத்தில் ஒரு சிறிய தூக்குச்சட்டி நிறையப் பழம் கொண்டுவந்து, "மிஸ், விடியவே போய்ப் பிடுங்கினனான்" என்று மேசையில் வைத்தான். நல்ல பையன்தான், கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வான், தங்கையின் படிப்பைப் பற்றிக் கவலைப்படுவான். பழத்தைச் சக ஊழியர்கள் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. அன்று பிற்பகலே அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவனுடைய வளவிலிருந்து சில வேலிகள் தள்ளித்தான் வீடு. தாய் தேநீர் தந்துவிட்டு, "அவன் வந்தவனோ? என்ன சொல்லுறான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சொல்லக்கூடிய பதில் எதுவும் சட்டத்திலும் இல்லை, என் மனத்திலும் இல்லை.

பையன் மீது எனக்கு இரக்கம் வருகிறது. அந்த இரக்கம் வரும்போதெல்லாம் சிறுமியைக் கைவிட்டதுபோல் ஓர் அருவருப்பு என் மீதே வருகிறது. இதை வேறு யாரும் அனுபவித்திருக்கிறீர்களா?

தண்ணீரூற்றான் (தொரொன்ரோ)

முல்லைத்தீவில் பிறந்து, கனடாவில் பாலியல் குற்றம் புரிந்து தண்டனை பெற்றவர்களுக்கான சிகிச்சைக் குழுக்களில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அக்கா, நீங்கள் சொல்வதை நாங்கள் அனைவரும் அனுபவித்திருக்கிறோம். வேறுபாடு என்னவென்றால், இங்கு அதைச் சொல்வதற்கு ஓர் அறையும் நேரமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

1990இல் மக்கேன், பேர்ள்மன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர், மற்றவரின் மனவடுவைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவரின் உள்ளத்தில் பாதுகாப்பு, நம்பிக்கை, நெருக்கம், தன்மதிப்பு, கட்டுப்பாடு ஆகியவை பற்றிய அடிப்படை எண்ணங்களே மாறிப்போகின்றன என்று எழுதினார்கள். அவர்கள் மனத்தில் வைத்திருந்தது பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்பவர்களை. குற்றம் புரிந்தவரோடு வேலை செய்பவரிடம் இன்னுமொரு சுமை சேர்கிறது: அதே நிகழ்ச்சியை, அதைச் செய்தவரின் வாயால், அவருடைய நியாயங்களோடு கேட்க வேண்டும். "பிள்ளை தானாகத்தான் வந்தது", "நான் அன்பாகத்தான் இருந்தேன்", "குடிபோதையில் நடந்தது" என்று வாரக்கணக்காகக் கேட்டு, முகம் சுளிக்காமல், அந்த நியாயங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவருக்கே காட்ட வேண்டும். முகம் சுளித்தால் அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். சுளிக்காமல் இருந்து பழகினால், வீட்டிலும் முகத்தில் ஒன்றும் தெரியாத மனிதனாகிவிடுகிறோம். என் மனைவி அதைத்தான் முதலில் கவனித்தார்.

அதே வேளை ஆய்வுகள் இந்த விடயத்தில் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இந்த வேலையில் நிறைவு காண்பதாகச் சொல்லும் சிகிச்சையாளர்களும் பலர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

சுண்டிக்குளத்தான்

மன்னிக்கவும், எனக்கு இந்த இழையின் போக்கில் உடன்பாடில்லை. வன்னியில் பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தொடர்ச்சியான உளவளத்துணை கிடைப்பதே அரிது. பேருந்து இல்லாத கிராமத்திலிருந்து தாயும் மகளும் கூலி வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு வந்து, தவணை போடப்பட்டதென்று திரும்பிப் போகிறார்கள். நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகையாக வருவதற்குள் சிறுமி குமரியாகிவிடுகிறாள். இந்த நிலையில் குற்றவாளிக்குச் சிகிச்சை, அவரோடு பேசும் அலுவலரின் மனநிலை என்று விவாதிப்பது பசித்தவன் முன்னால் சமையல் குறிப்பு வாசிப்பதுபோல் இருக்கிறது.

1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, தகாப்புணர்ச்சி, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் போன்றவற்றைத் தனிக் குற்றங்களாக்கி, குறைந்தபட்சத் தண்டனைகளையும் விதித்தார்கள். 2008இல் உயர் நீதிமன்றம், அந்தக் குறைந்தபட்ச எல்லை நீதிபதியின் தற்றுணிபைக் கட்டுப்படுத்தாது என்று கூறியது. அதன் பின்னர் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு அதே ஊருக்குத் திரும்பி, அதே சந்திக் கடையில் நிற்பவர்களை நாங்கள் பார்க்கிறோம். அந்தப் பிள்ளை என்ன உணர்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

பழைய நலன்புரி (வவுனியா, ஓய்வு பெற்றவர்)

சுண்டிக்குளத்துத் தம்பியின் கோபம் நியாயமானது. ஆனால் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு சந்திக் கடையில் நிற்கிறவர், அடுத்து என்ன செய்வார் என்பதை யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அந்த ஒருவர் சோர்ந்துபோனால் நட்டம் யாருக்கு?

நான் சிறைச்சாலைகளில் நலன்புரி உத்தியோகத்தராக இருந்தவன். எந்தச் சிறை என்பதை விட்டுவிடுகிறேன். இவ்வகைக் கைதிகள் மற்றக் கைதிகளுக்குப் பயந்து தங்கள் வழக்கை மறைப்பார்கள். ஆகவே உண்மை தெரிந்த ஒரே மனிதராக உத்தியோகத்தர் ஆகிவிடுகிறார். அந்த நிலையே ஒரு பொறி. அவர்களில் பலர் மிகவும் ஒழுக்கமானவர்கள், எழுத்து வேலைக்கு உதவுவார்கள், கோவில் நாட்களில் முன்னின்று நடத்துவார்கள், உத்தியோகத்தரின் குடும்பத்தைப் பற்றி அக்கறையாக விசாரிப்பார்கள். ஒருவர் எனக்கு வாழ்நாளிலேயே கிடைத்த மிகச் சிறந்த உதவியாளர். அவருடைய கோப்பை நான் ஆறுதலாக வாசித்த நாளில், அவர் பள்ளிக்கூடத்திலும் எல்லோருக்கும் மிகச் சிறந்த உதவியாளராகத்தான் இருந்திருக்கிறார் என்பது தெரிந்தது. அந்தத் திறமையைப் பயன்படுத்தித்தான் பிள்ளைகளை நெருங்கியிருக்கிறார். அதன் பிறகு எந்த நல்ல மனிதரைக் கண்டாலும் என் மூளை ஒரு கேள்வி கேட்கத் தொடங்கியது. ஊரில் அன்னதானத்துக்கு ஓடியாடி வேலை செய்கிற இளைஞனை வாழ்த்தக்கூட முடியவில்லை. இது என்னைப் பிடித்த நோயா, இல்லை அனுபவத்தினால் வந்த அறிவா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நாங்கள் அக்காலத்தில் இதற்குக் கண்டுபிடித்த மருந்து போத்தல்தான். அதைப் பற்றி ஒருவரும் அறிக்கை எழுதவில்லை.

முத்தையன்கட்டு (உளவளத்துணையாளர், பெண்)

ஐயா எழுதியதை வாசித்த பின்னர்தான் நானும் எழுதத் துணிந்தேன்.

என் கணவர் நல்ல மனிதர். மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு மாலை கிணற்றடியில் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வழமையாக அவர்தான் குளிப்பாட்டுவார், அவள் தண்ணீரை அடித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் அலுவலகத்திலிருந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியவுடன், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் போய் வாளியை வாங்கி, "இனி நான் குளிப்பாட்டுறன், நீங்கள் போங்கோ" என்றேன். அன்று காலை, விளக்கமறியலிலிருந்து பிணையில் வந்த ஒரு தகப்பனோடு நீண்ட நேரம் பேசியிருந்தேன். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. வாளியைத் தந்துவிட்டு, கயிற்றைச் சுற்றிவைத்துவிட்டு உள்ளே போனார். அவர் விளங்கிக்கொண்டார் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. கோப்பின் இரகசியத்தைக் காக்க வேண்டியிருந்ததால், எதனால் அப்படி நடந்துகொண்டேன் என்பதை அவருக்கு முழுமையாகச் சொல்லவும் முடியவில்லை.

சுண்டிக்குளத்தாருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இங்கு வேலை செய்கிற நாங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். 2009இல் போரின் இறுதியில் வெளியேறியவர்கள், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவர்கள், தறப்பாள் கொட்டகையில் உடுப்பு மாற்றுவதற்கு இடமில்லாமல் நின்ற பெண்கள், அந்த நாட்களில் தங்களுக்கோ உறவினருக்கோ நடந்ததை இன்னும் வீட்டில் சொல்லாதவர்கள், இந்த அலுவலகக் கதிரைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியான ஒருவரின் முன்னால், "அவளுக்கும் விருப்பம்தான்" என்று ஓர் ஆண் கால்மேல் கால் போட்டுச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பயிற்சிக் கையேடு எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். பிள்ளையின் நலனுக்கும் எங்கள் நலனுக்கும் இடையே போட்டி இருப்பதாக நீங்கள் எழுதுகிறீர்கள். சோர்ந்துபோன உளவளத்துணையாளர் முதலில் செய்வது, பிள்ளை சொல்லவரும் கடினமான பகுதியைக் கேட்காமல் வேறு கதைக்குப் போவதுதான். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தெற்கால் விடுதி (அரச வைத்தியர்)

நான் சற்று வேறாகப் பார்க்கிறேன். சட்ட வைத்தியப் பரிசோதனைக்குப் பொலிஸார் சந்தேகநபரையும் கொண்டுவருவார்கள், பிள்ளையையும் கொண்டுவருவார்கள். சந்தேகநபரோடு எனக்கு இருக்கும் தொடர்பு மிகக் குறுகியது. சம்மதம் பெற்று, பரிசோதித்து, மாதிரிகளை எடுத்து, படிவத்தை நிரப்பிவிட்டால் முடிந்தது. அவர் சொல்லும் நியாயங்களைக் கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. என்னை வருத்துவது அந்த மனிதர் அல்லர். சில ஆண்டுகள் கழித்து மேல் நீதிமன்றத்தில் சாட்சிக்கூண்டில் ஏறும்போது, என் சொந்தக் கையெழுத்தில் இருக்கும் வரிகள் அந்த நாளை முழுமையாகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. அதே நேரத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வரிகளை ஒவ்வொன்றாக ஐயத்துக்குரியதாக்குவார். அது அவருடைய தொழில், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காயம் இல்லாமை குற்றம் நிகழாமைக்குச் சான்றாகாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, பின்னர் விடுதலைத் தீர்ப்பு என்ற செய்தியை ஒரு வாரம் கழித்துப் பத்திரிகையில் பார்ப்பதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும்.

முத்தையன்கட்டுத் தங்கைக்கு: வைத்தியசாலைகளில் இருக்கும் நட்பு நிலையங்கள் வன்முறைக்குள்ளான பெண்களுக்காக அமைக்கப்பட்டவை என்றாலும், அங்கு பணியாற்றும் தாதியர்களுக்கு இவ்வகை விடயங்களைக் கேட்டுப் பழக்கம் உண்டு. உளநல மருத்துவப் பிரிவிலும் சொல்லலாம். ஊழியர்கள் வருவதில்லை என்பதுதான் நான் கண்ட குறை. அட்டை எழுதும் வரிசையில் தெரிந்தவர்கள் நிற்பார்கள் என்ற கூச்சம்.

சின்னப்பள்ளி (ஆண், சிறுவர் உரிமை சார்ந்த பணி)

ஆண்களின் நிலையையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றம் புரிந்த ஆண்கள், "உங்களுக்கு விளங்கும்தானே, நீங்களும் ஆம்பிளை" என்று எங்களைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள். வெளியே வந்தால் தாய்மார்கள் எங்களையும் அதே சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பிள்ளையின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

சுண்டிக்குளத்தான்

முத்தையன்கட்டு அக்கா எழுதியதற்குப் பிறகு என் முதல் பதிவின் உவமையைத் திரும்பப் பெறுகிறேன். மற்றதைத் திரும்பப் பெறவில்லை. எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு மனவேதனைப்பட்டு நீங்கள் செய்யும் இந்தப் பேச்சுகளால் ஒருவராவது திருந்துகிறாரா? தொரொன்ரோ அண்ணை, நேர்மையாகச் சொல்லுங்கள்.

தண்ணீரூற்றான் (தொரொன்ரோ)

நேர்மையாகவே சொல்கிறேன், தம்பி. இந்தக் கேள்விதான் எங்கள் தொழிலில் பலரை உள்ளுக்குள் அரிக்கிறது.

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பல ஆண்டுகளாக நடந்த சிகிச்சைத் திட்டத்தை அந்த நாட்டு நீதி அமைச்சு ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டது. சிகிச்சை பெற்ற 2,562 பேரில் 10 வீதமானோர் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்திருந்தார்கள். சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழுவில் அது 8 வீதம். அதாவது, சிகிச்சையால் நன்மை கிடைத்ததாகக் காட்ட முடியவில்லை. அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டு வேறு திட்டங்கள் கொண்டுவரப்பட்டன. அதில் பல ஆண்டுகள் உழைத்த சிகிச்சையாளர் ஒருவருக்கு அந்த அறிக்கை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேறு வகைச் சிகிச்சைகளால் குற்றம் குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே முழுவதும் வீண் என்று முடிவுகட்டவும் இயலாது.

ஆனால் மற்றொரு தரவையும் வைத்துக்கொள்ளுங்கள். 2005இல் வெளியான கனேடிய ஆய்வு ஒன்று, 82 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மீண்டும் பாலியல் குற்றத்துக்காகப் பிடிபட்டவர்கள் சராசரியாக 13.7 வீதம் என்று கண்டது. பிடிபடாதவர்கள் இதில் அடங்க மாட்டார்கள். அதை மறைக்கக் கூடாது. இருந்தாலும், ஒருமுறை செய்தவர் எல்லோரும் நிச்சயமாகத் திரும்பச் செய்வார்கள் என்று ஊர் நம்புவது தரவுகளோடு பொருந்தவில்லை. பதின்வயதுப் பையன்களின் நிலை இன்னும் நம்பிக்கை தருவது. கனகராயன்கரை அக்காவின் பையனைப் பற்றி நான் எதையும் எதிர்வுகூற முடியாது. ஆனால் அவன் மீது அவருக்கு வரும் இரக்கத்தில் பிழை இல்லை. அந்த இரக்கத்தைச் சிறுமியின் தாயிடம் சொல்லத் தேவையும் இல்லை.

நான் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் திருந்தியவர்களின் கணக்கு அல்ல. குழுவை எப்போதும் இருவராக நடத்தினோம். முடிந்ததும் வீட்டுக்குப் போகுமுன், அன்று எந்த இடத்தில் கோபம் வந்தது, எந்த இடத்தில் ஏமாந்தோம், எந்த இடத்தில் அந்த மனிதரைப் பிடித்திருந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவோம். மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதைச் சொல்லாமல் விட்டவர்கள்தான் முதலில் வேலையை விட்டுப் போனார்கள். 1994இல் ஒன்ராறியோவில் ஒரு மெனனைற் தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்த ஒருவரைச் சுற்றிச் சில தொண்டர்களைக் கூட்டாக நிறுத்தி, ஆதரவையும் கண்காணிப்பையும் ஒருங்கே கொடுக்கத் தொடங்கினார்கள். அது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அதில் எனக்குப் பிடித்தது, சுமை ஒரு தனி மனிதரின் தோளில் விழாமல் இருந்தமை.

பழைய நலன்புரி (வவுனியா, ஓய்வு பெற்றவர்)

எங்கள் ஊரில் தொண்டர்களைக் கூட்டினால் முதல் வாரத்திலேயே கோப்பு முழுவதும் சந்தைக்கு வந்துவிடும். அது இங்கு சரிவராது. இருவராக உட்காருவது சரிவரும். அதற்குப் பணம்கூடத் தேவையில்லை. எங்களிடம் மேலதிகாரி வருவார், கோப்பைப் பார்ப்பார். ஆளைப் பார்க்க மாட்டார். திகதி விடுபட்டிருந்தால் சிவப்பு மையால் வட்டமிடுவார். ஒருவரின் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதற்கு வட்டமிட அவரிடம் பேனா இல்லை.

கனகராயன்கரை (கிளிநொச்சி மாவட்டம்)

எல்லோருக்கும் நன்றி. அடுத்த பிரிவில் பணியாற்றும் சக அலுவலர் ஒருவரோடு பேசி, ஒரே சம்பவத்தின் இரண்டு கோப்புகளும் ஒருவரிடம் இருக்காதபடி மாற்றிக்கொள்ளலாமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். தூரம், எரிபொருள் என்று இரண்டு தடைகளைச் சொல்லி, பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. ஒரே நாளில் அவர் என் பிரிவிலும் நான் அவருடைய பிரிவிலும் களப்பயணம் செய்தால் செலவு கூடாது என்று கணக்குப் போட்டு மறுபடியும் அனுப்பியுள்ளேன். அது நடக்கும்வரை பையன் என்னிடம்தான் வருவான். வைத்தியரின் ஆலோசனைப்படி உளநல மருத்துவப் பிரிவுக்கும் போனேன். தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கத்தான் செய்தார்கள்.

முத்தையன்கட்டு அக்கா, நீங்களும் நானும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாங்குளத்தில் சந்திக்கலாம். இருவருக்கும் நடுவில் இருக்கிறது. பெயர், கிராமம், வழக்கிலக்கம் எதுவும் பேசுவதில்லை; தண்ணீரூற்றான் அண்ணை சொன்ன அந்த மூன்று கேள்விகள் மட்டும். வேறு யாரும் வர விரும்பினால் தனிமடலில் தெரிவியுங்கள்.

முத்தையன்கட்டு (உளவளத்துணையாளர், பெண்)

வருகிறேன். காலையில் வைத்துக்கொள்வோம், பின்னேரம் ஒட்டுசுட்டானுக்குப் பேருந்து குறைவு. சின்னப்பள்ளித் தம்பியும் வரலாம் என்று நினைக்கிறேன், உங்களுக்குச் சம்மதமென்றால்.